ஹோர்ட்டன் சமவெளி: ஒரு நாள் நடைப்பாதையில் பதிந்துள்ள வரலாறு

முன்னுரை

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்கா. நுவரெலியாவிலிருந்து விடியுமுன் புறப்படும் பயணியர், ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுப்பாதையை நடந்து முடித்து அன்றே திரும்பிவிடுகின்றனர். மனிதக் கை படாத இயற்கையைக் கண்டதான எண்ணமே அவர்களிடம் எஞ்சுகிறது. எனினும் அப்பாதையின் ஒவ்வொரு நிறுத்தமும் மனிதச் செயல்பாட்டின் சான்றாக விளங்குவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பெயர்களும் வேட்டையும்

சிங்களத்தில் 'மகா எலிய' என வழங்கிய இந்நிலம், 1831 முதல் 1837 வரை பிரித்தானிய ஆளுநராக இருந்த ராபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயரைப் பெற்றது. நடை தொடங்கும் இடத்திலுள்ள ஃபார் விடுதி, தாமஸ் ஃபார் என்னும் தோட்டத்துரையின் பெயரைத் தாங்கியது. வேட்டைக்காரர் தங்கிய அவ்விடுதி இன்று பார்வையாளர் மையமாக உள்ளது. வழியிலுள்ள பேக்கர் அருவி, நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரை நினைவூட்டுகிறது. யானைகள் இச்சமவெளியிலிருந்து மறைந்துவிட்டன. பயணியர் இன்று எளிதில் காணும் பெருவிலங்கு கடமானே. ஓடைகளிலுள்ள டிரவுட் மீனும் தூண்டில் பொழுதுபோக்கிற்காக ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டதாகும்.

காடு எஞ்சிய காரணம்

காப்பித் தோட்டங்களுக்காக மலைச்சரிவுகள் வெட்டித் திருத்தப்பட்டுவந்த காலத்தில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்காது விடவேண்டும் எனத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அறிவுறுத்தினார். அதையொட்டி அவ்வுயரத்திற்கு மேல் காடழிப்புத் தடைசெய்யப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியாக இச்சமவெளி விளங்குவதை நோக்க, அத்தடையின் பயன் தெளிவாகும். ஆகவே தோட்டத்திற்கும் காட்டிற்கும் இடையிலுள்ள எல்லை, பெருமளவு ஆட்சி ஆணையால் வகுக்கப்பட்டதாகும்.

இவ்வெல்லையின் மறுபக்கத்தை 'உலக முடிவு' எனப்படும் செங்குத்துப் பாறைவிளிம்பில் காணலாம். ஏறத்தாழ 870 மீட்டர் ஆழமுள்ள அப்பள்ளத்தில், மூடுபனி படராத காலை வேளையில் தேயிலைத் தோட்டங்கள் புலப்படுகின்றன. மலைநாட்டுத் தோட்டங்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் உருவானவை. துரைமாரின் பெயர்கள் பாதையில் நிலைத்துவிட்டன. அத்தொழிலாளரை நினைவூட்டும் பெயர் இந்நிறுத்தங்களில் எதற்கும் இல்லை.

புல்வெளியின் பழமை

காலனியத்திற்கு முன்னர் இந்நிலம் தீண்டப்படாதிருந்தது எனவும் கருதுவதற்கில்லை. சதுப்புப் படிவுகளில் புதைந்திருந்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்த டி. ஆர். பிரேமதிலக, வரலாற்றுக்கு முற்பட்ட காலத்திலேயே இங்குத் தீயிடலும் மேய்ச்சலும் நிகழ்ந்ததற்கான தடயங்களைச் சுட்டியுள்ளார். அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1960களில் இப்புல்வெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. பின்னர் 1969இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் இந்நிலம் அறிவிக்கப்பட்டது. 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற இலங்கை மத்திய உயர்நிலங்களில் இதுவும் அடங்கும். இப்பாதுகாப்பிற்குப் பின்னரும், ஐரோப்பாவிலிருந்து வந்த கோர்ஸ் என்னும் முட்புதர் புல்வெளியில் பரவிவருவது சிக்கலாக நீடிக்கிறது.

முடிவுரை

ஹோர்ட்டன் சமவெளியின் ஒரு நாள் நடை, பல காலங்களின் நிலப்பயன்பாட்டை ஒருசேரக் காட்டுகிறது. இதனைத் தூய இயற்கை என்று மட்டும் அறிமுகப்படுத்தினால், காடு எவ்வாறு எஞ்சியது என்பதும், கீழே தெரியும் தோட்டங்களை உருவாக்கியோர் யாவர் என்பதும் மறைந்துபோகும். மகா எலிய என்னும் பழம்பெயரையும் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றையும் பயணியர்க்குத் தரும் விளக்கங்களில் சேர்ப்பது, இந்நிலத்தைப் பாதுகாக்கும் பணியின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது.