வரிக் கொடுமையும் லட்சுமிநரசு செட்டியாரும்

வரி வாங்குபவரே போலீசாகவும் இருந்தால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? 1850களில் சென்னை மாகாணத்தில் தாசில்தாருக்கு இரண்டு அதிகாரமும் உண்டு. 1825இல் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்த பழவேற்காடும் இந்த மாகாணத்தில்தான் இருந்தது. ஏரிக்கரையில் வலையை நம்பிப் பிழைத்தவனுக்கு வக்கீல் வைக்க வழி ஏது?

நிலவரி தவிர, தொழில் செய்பவர்கள் மீது 'மொதர்பா' என்றொரு வரி. தறிக்கும் உண்டு, தெருவோரக் கடைக்கும் உண்டு. பாக்கி வைத்தால் விரலை நசுக்கும் கிட்டி, அல்லது குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள்!

சென்னை வணிகர் காஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கி, மக்கள் குறைகளை லண்டன் பாராளுமன்றத்துக்கு மனுவாக அனுப்பினார். மறுவருடம் இங்கு வந்த டான்பி சீமர் என்ற எம்.பி.க்கு நிலைமையை நேரிலேயே காட்டினார். 1854இல் சீமர் பாராளுமன்றத்தில் பேச, விசாரணைக் குழு அமைந்தது. அதனிடம் நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர், கடிதங்கள் 1,440.

வரிக்காகச் சித்திரவதை நடந்தது உண்மையே என்றது 1855 அறிக்கை. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு மட்டும் அதில் பங்கில்லையாம்! 1859 சட்டம் போலீசை வருவாய்த் துறையிலிருந்து பிரித்தது. பொதுக் காரியத்துக்கே சொத்தைச் செலவழித்த செட்டியார் 1868இல் ஏழையாக இறந்தார்.