புதுக்கடையில் ஒரு பெண்ணின் காசு

1841இல் பிரித்தானிய இலங்கை அரசு ஒரு சட்டம் போட்டது. வேலைவெட்டியில்லாமல் அலைபவர்களையும் பிச்சை எடுப்பவர்களையும் தெருவில் கலாட்டா செய்பவர்களையும் பிடித்து அடைப்பதற்கான சட்டம் அது. உடம்பில் வலுவிருந்தும் பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சோறு போடாமல் விட்டுப்போகிறவனையும் அது இந்தக் கூட்டத்தோடு சேர்த்தது. இலங்கையின் தாபரிப்புச் சட்டத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. கைவிடப்பட்டவள்மேல் இரக்கப்பட்டு எழுதியதாக அதில் ஒன்றும் தெரியவில்லை. அவள் ஊரார் தலையில் பாரமாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

1889இல் கணவனைப் பற்றிய பகுதியை மட்டும் வெளியே எடுத்து, 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் என்று தனியாக இயற்றினார்கள். 1841ஆம் ஆண்டுச் சட்டத்தின் மீதி இன்னும் உயிரோடு இருக்கிறது. இரவில் கொழும்புத் தெருவில் நிற்கும் ஏழைப் பெண்களைப் பொலிஸ் பிடிப்பது பெரும்பாலும் அதைக் காட்டித்தான். மனைவியைப் பட்டினி போட்ட கணவன் அதிலிருந்து கழன்றுகொண்டான். தெருவுக்கு வந்த பெண் மாட்டிக்கொண்டாள்.

தாபரிப்பு என்றால் கொழும்புக்காரருக்கு நினைவுக்கு வருவது நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடை. 1656இல் போர்த்துக்கேயரின் கொழும்பை முற்றுகையிட்டபோது செத்துப்போன ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பெயரை ஒல்லாந்தர் இந்த இடத்துக்கு வழங்கினார்கள். அவர்கள் விட்டுப்போனது தளபதியின் பெயரை மட்டுமல்ல, ரோமன் டச்சுச் சட்டத்தையும்தான். அந்தச் சட்டத்தில் திருமணமான பெண் கணவனின் கைக்குள் இருக்கும் சிறுபிள்ளை மாதிரி. சொத்து அவளுடையதாக இருந்தாலும் கையாள்வது அவன். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொத்தைக் கணவன் மனைவிக்குப் பொதுவாக வைக்கும் முறையை நீக்கியது. ஆனாலும் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவும் சம்பாதித்ததைத் தன்னிஷ்டப்படி வைத்துக்கொள்ளவும் மனைவிக்கு முழுசாக வழி திறந்தது 1923இல்தான், விவாகமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டம் வந்தபோது.

அதுவும் எல்லாப் பெண்களுக்கும் அல்ல. தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டத்துக்கு உட்பட்ட யாழ்ப்பாணத் தமிழ்ப் பெண்ணுக்கு 1911ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. நகை, பணம் போன்றவற்றை அவள் தன் விருப்பப்படி கையாளலாம். காணி, வீடு என்றால் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். வெள்ளவத்தைக்கு வந்து குடியிருந்தாலும் யாழ்ப்பாணத்தவள் என்ற சட்ட நிலை மாறாத ஒருத்தி, அடி தாங்காமல் பிரிந்துபோய், சீதனமாக வந்த வீட்டை ஈடு வைத்து ஒரு கடை போட நினைத்தால், அடித்தவனிடமே கையெழுத்துக் கேட்க வேண்டும். அவன் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது நியாயமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்துக்கு ஈடாகக் கட்டளை தரலாம். ஒரு கையெழுத்துக்காக இன்னொரு வழக்கு!

முஸ்லிம்கள் நெருங்கி வாழும் புதுக்கடையில் இன்னொரு வாசலும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி தாபரிப்புக் கேட்டுப் போவது காதி நீதிமன்றத்துக்கு. அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது. காதியாக ஆண் மட்டுமே இருக்கலாம். காதி சொன்ன தொகையைக் கணவன் கட்டாவிட்டால், அறவிட்டுக் கொடுக்கும் வேலை மறுபடி நீதவான் நீதிமன்றத்துக்கு வருகிறது.

கட்டாதவனை என்ன செய்வது? 1889ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன பதில், நிலுவையான ஒவ்வொரு மாதக் காசுக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே போனவன் சம்பாதிக்க மாட்டான். வெளியே இருப்பவளுக்குச் சதமும் வராது. ‘உன் புருஷனை மறியலுக்கு அனுப்பிவிட்டாய்’ என்று மாமியார் வீடு பேசும் பேச்சு மட்டும் வரும். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் பழையதை நீக்கிவிட்டு, கணவன் மனைவி இருவரில் வசதியுள்ளவர் மற்றவரைப் பராமரிக்க வேண்டும் என்று பொதுவாக எழுதியது. சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுக்கவும் அதில் இடமுண்டு. அரசாங்கக் கிளாக்கரிடம் இது நடக்கும். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமையிடமோ முச்சக்கர வண்டி ஓட்டுபவனிடமோ எந்தச் சம்பளச் சீட்டைப் பிடிப்பது?

நாணயத்தின் பெறுமதி விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் அண்மையில் பார்த்தோம். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். முந்தின வருஷம் பத்தாயிரம் ரூபாய் என்று எழுதப்பட்ட கட்டளை, அந்த மாதம் சந்தையில் ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான சாமானைத்தான் வாங்கியது. தொகையைக் கூட்டச் சொல்லி மனுப் போடலாம். அதற்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும், தட்டெழுத்தருக்கும் போட்டோ பிரதிக்கும் பஸ்ஸுக்கும் காசு வேண்டும்.

ஆக, புதுக்கடைச் சட்டம் ஒரு பெண்ணுக்குக் கணவனின் காசில் பங்கு வாங்கித் தரும், கொஞ்சம் கொஞ்சமாகவாவது. சொந்தக் காசு? அதை அவள் பெரும்பாலும் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள தெருக்களில்தான் தேடினாள். செட்டியார் தெருவில் தாலிக்கொடியை அடைவு வைத்து முதல் மாத வாடகையைக் கட்டியவர்கள், அயலில் சீட்டுப் பிடித்து எழுந்தவர்கள் என்று அந்த வரலாற்றை யாரும் பதிவுப் புத்தகத்தில் எழுதிவைக்கவில்லை. எழுத்தில் கிடைப்பது நிறுவனங்களின் கதை. 1869இல் வந்து கொட்டாஞ்சேனையில் மடம் அமைத்த நல்லாயன் கன்னியர் போன்ற சபைகள் போக்கிடமில்லாத பெண்களுக்குக் கதவு திறந்தன. கன்னியர் மடங்கள் பொதுவாகக் கற்றுக்கொடுத்தது தையலும் லேஸ் பின்னலும்.

இந்தத் தையல் பழக்கம் இன்று வரை விடவில்லை. பெண்ணுக்கு உதவி என்றாலே ஒரு தையல் இயந்திரம், அல்லது பத்துக் கோழி. புதுக்கடையிலிருந்து சில நூறு யார் தூரத்தில் புறக்கோட்டைக் கடைகளில் மலிவான ஆயத்த உடுப்பு குவிந்திருக்கும்போது, ஒற்றை இயந்திரத்தோடு அவள் யாருக்குத் தைப்பாள் என்று கேட்பவர் குறைவு.

1980களின் இறுதியில்தான் இந்தப் போக்கு மாறத் தொடங்கியது. 1987இல் கொழும்பில் தொடங்கிய ‘விமன் இன் நீட்’ அமைப்பு அடிபட்டு வந்த பெண்ணுக்கு ஆலோசனையும் சட்ட உதவியும் தங்குமிடமும் கொடுத்தது. புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம் வைத்திருக்கும் சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவரின் தாபரிப்பு வழக்குகளை அது பேசுகிறது. 1989இல் கொழும்பின் சேரிகளில் பிறந்தது மகளிர் வங்கி. ஐந்து முதல் பதினைந்து பேர் வரையான குழு, வாரம் ஒரு கூட்டம், ஆளுக்கு ஐந்து ரூபாய்ச் சேமிப்பு என்று தொடங்கினார்கள். பிணைக்கு நகை கேட்கவில்லை. குழுவின் சொல்தான் பிணை. அடிக்கும் கணவனைப் பற்றி அந்த வங்கியின் விதிகளில் ஒன்றும் இல்லை. ஆனால் அவன் கைக்கு எட்டாத சேமிப்புப் புத்தகம் ஒன்று அவளிடம் இருந்தது.

தமிழ்ப் பெண்களின் கதை போரோடு கலந்தது. கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பு முகாம்களில் தங்கியிருந்த பெண்களிடையே 1991இல் தொடங்கிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம், 1993இல் மட்டக்களப்புக்குப் போனது. பெண்களின் பிழைப்பையும் வீட்டுக்குள் நடக்கும் அடியையும் ஒரே அலுவலகத்தில் பேசலாம் என்று காட்டியது அதுதான்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தபோது நீதவானிடமே பாதுகாப்புக் கட்டளை கேட்க முடிந்தது. பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிசும் கேட்கலாம். இடைக்காலக் கட்டளைக்கு ஆயுள் 14 நாள், விசாரணைக்குப் பின் வரும் கட்டளைக்கு அதிகபட்சம் 12 மாதம். அடித்தவனை வீட்டுக்குள் வராமல் தடுக்கலாம், அவசரச் செலவுக்குப் பணம் கொடுக்கச் சொல்லலாம், அவளைத் தெருவில் விட்டு வீட்டை விற்காதபடி தடுக்கலாம். கட்டளை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கச் சமூக சேவையாளரை நியமிக்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் அதன் வரைவிலக்கணத்தில் உடல் வன்முறையும் மனத்துன்பமும் இருக்கின்றன. சம்பளத்தைப் பிடுங்குவதும் வேலைக்குப் போகவிடாததும் அங்கே தனியாகப் பெயர் பெறவில்லை. அடிபட்ட பெண்கள் திரும்பத் திரும்பச் சொல்வதோ அதைத்தான்.

வீட்டை விட்டு வருபவளிடம் சமூக சேவையாளர் முதலில் தேடுவது கடிதாசிகளை. அடையாள அட்டை கணவனின் அலுமாரியில், விவாகச் சான்றிதழ் மாமியாரிடம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் பள்ளிக்கூடத்தில். அவையில்லாமல் வங்கிக் கணக்கில்லை, வேலையில்லை, வழக்குமில்லை. பிறகுதான் பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், பயிற்சி, கடன் எல்லாம். கடனிலும் கவனம் வேண்டும்: நுண்கடன் பெண்ணின் பெயரில் எழுதப்பட்டு ஆணின் கையில் போய், தவணை மட்டும் அவள் தலையில் விழுந்த குடும்பங்கள் ஏராளம். வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போய்த் தப்பலாமென்றால், 2013இல் கொண்டுவரப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கை முறை ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மாரைத் தடுத்தது. கணவனின் சம்மதமும் அதில் கேட்கப்பட்டது. பொருளாதார நெருக்கடி வந்து டொலர் தேவைப்பட்ட 2022இல்தான் அந்த விதிகள் தளர்ந்தன.

2023இல் வந்த அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவும் குடும்பத்தை ஓர் அலகாக வைத்தே கணக்கிடுகிறது. பிரிந்து வந்தவள் அதைப் பெற வேண்டுமானால், தானும் பிள்ளைகளும் தனிக் குடும்பம் என்று கிராம உத்தியோகத்தரிடம் முதலில் பதிய வேண்டும். விவாகரத்துத் தீர்ப்பு கையில் இருந்தால் இது சுலபம். அந்தத் தீர்ப்போ இலங்கையில் பொதுச் சட்டப்படி சுலபமாகக் கிடைப்பதில்லை: 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் பிறர்மனை உறவு, வன்மத்துடன் கைவிடல், தீராத ஆண்மையின்மை என்ற மூன்றைத்தான் காரணமாக ஏற்கிறது. அடி அந்தப் பட்டியலில் இல்லை. அடிபட்டு ஓடிவந்தவளின் சட்டத்தரணி, வீட்டை விட்டுப் போனது அவள் அல்ல, அவளை அடித்து விரட்டிய அவனே அவளைக் கைவிட்டான் என்று புதுக்கடையில் நின்று வாதிட வேண்டியிருக்கிறது.