கிள்ளான் கடை பில் போகும் வழி

கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு மொத்த ஜவுளிக் கடை. அதன் கணக்கை பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அலுவலகம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி வாரம், சேலைக் கட்டுகள் விற்க விற்க, அந்த அலுவலகக் கணினியில் இன்வாய்ஸ்கள் பிறக்கின்றன. முன்பெல்லாம் அச்சடித்துக் கொடுத்தால் போதும். 2024 ஆகஸ்ட் 1-இல் மலேசியா படிப்படியாகத் தொடங்கிய இ-இன்வாய்ஸ் முறைக்குள் வந்துவிட்ட கடையின் பில், வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்புக்குப் போய்ச் சரிபார்க்கப்பட வேண்டும். நெட் படுத்துவிட்டால் பில் நடுவழியில் நின்றுவிடும். அதற்காகவே இந்த அலுவலகம் இரண்டு லைன் வைத்திருக்கிறது.

கணினியை விட்டுக் கிளம்பும் பில், பாக்கெட்டுகளாகப் பிரிந்து சுவிட்ச் வழியாக ரவுட்டரை அடைகிறது. ரவுட்டரின் பின்புறம் வெளி லைனைச் செருகும் இரண்டு வான் (WAN) போர்ட்டுகள், இரண்டிலும் வெவ்வேறு கம்பெனியின் லைன். ரவுட்டர் சில நொடிகளுக்கு ஒருமுறை வெளியே ஒரு முகவரிக்குப் பிங் அனுப்பிப் பார்க்கிறது. பதில் வராத லைனை விலக்கிவிட்டு, மற்றதில் அனுப்புகிறது. இரண்டையும் ஒருசேர ஓட்டலாம்தான். ஆனால் வங்கித் தளத்தில் ஒரு லைனில் நுழைந்தவரின் அடுத்த கோரிக்கை மற்ற லைனில் போனால், ஐபி முகவரி மாறியதைக் கண்டு தளம் அவரை வெளியே தள்ளக்கூடும். கணக்காளரின் கணினியை ஒரே லைனில் கட்டிவைப்பது நல்லது.

ரவுட்டரைத் தாண்டி பில் தெருவில் இறங்குகிறது. மோசம்போகும் இடம் இதுதான். டெலிகாம் மலேசியா 2010 மார்ச்சில் யூனிஃபை என்ற ஃபைபர் இணையச் சேவையைத் தொடங்கியது. அதன் ஃபைபரை மொத்த விலையில் வாங்கி மெக்சிஸ் போன்ற நிறுவனங்களும் தங்கள் பெயரில் விற்கின்றன. மாதாமாதம் இரண்டு கட்டணம் கட்டுகிறவரின் இரண்டு லைனும் ஒரே குழாயில் ஓடலாம். பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தானில் ஒரு மண்வாரி இயந்திரம் தவறிக் கொத்தினால் இரண்டும் சேர்ந்தே அறும். லைன் எடுக்கும்போது வேகத்தையும் விலையையும் கேட்கிறோம், கம்பி எந்த வழியாக வருகிறது என்று கேட்பதில்லை. டைம் போல சொந்த ஃபைபர் உள்ள நிறுவனமோ, ஒரு 4ஜி சிம்மோ இரண்டாவதாக இருந்தால்தான் அது உண்மையிலேயே இரண்டாவது வழி. அப்போதும் மோடம், ரவுட்டர் எல்லாம் ஒரே யூபிஎஸ்ஸில் தொங்கினால் பயனில்லை.

கடலடியிலும் இதுதான் நடந்தது. 2006 டிசம்பர் 26-இல் தைவானின் தெற்கே நிலம் அதிர்ந்தபோது, வெவ்வேறு உரிமையாளர்களின் கேபிள்கள் ஒரே கடற்பகுதியில் கிடந்ததால் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. மலேசியா உட்பட ஆசியாவின் பல நாடுகளில் இணையம் தள்ளாடியது. சரிசெய்ய வாரக்கணக்கில் ஆயிற்று.

நம் பில் போய்ச் சேர்ந்துவிட்டது. மைஇன்வாய்ஸ் அதைச் சோதித்து, தனி அடையாள எண் தந்து திருப்பி அனுப்புகிறது. கியூஆர் குறியோடு அது கிள்ளானில் சேலை வாங்கியவரிடம் போகிறது. தவறிருந்தால் ரத்து செய்ய 72 மணி நேரம் உண்டு.