ஆர்பாநெட்டின் தோற்றம்: அணுப்போர்க் காரணம் குறித்த ஒரு மறுஆய்வு

இணையத்தின் முன்னோடியாகிய ஆர்பாநெட், அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின்னும் இயங்கத்தக்க தகவல்தொடர்பு வேண்டி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அமைத்தது என்னும் கருத்து நெடுநாளாக வழங்கி வருகிறது. இக்கருத்து வெறுங்கற்பனையன்று. ஆயினும், இருவேறு நிறுவனங்களில் இருவேறு நோக்கங்களுடன் நிகழ்ந்த பணிகளை ஒன்றாகக் கொண்டதன் விளைவாகவே இது உருவானது. அவ்விரண்டையும் காலவரிசைப்படி பிரித்துக் காண இக்கட்டுரை முயல்கிறது.

அணுப்போர் அச்சத்திலிருந்து பிறந்தது ராண்ட் நிறுவனத்தில் பால் பேரன் மேற்கொண்ட ஆய்வாகும். அன்றைய தொலைபேசி அமைப்பு சில மைய நிலையங்களையே சார்ந்திருந்தது. அவை தகர்ந்தால் நாட்டின் தொடர்பே அறுந்துவிடும். மையம் என ஒன்றில்லாத, மீன்வலை போன்ற அமைப்பைப் பேரன் முன்மொழிந்தார். அதில் செய்தி சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டும் எஞ்சியிருக்கும் வழியைக் கண்டு இலக்கை அடையும். இதனை விளக்கும் அறிக்கைத் தொகுதிகள் 1964இல் வெளிவந்தன. தொலைபேசித் துறையில் முற்றுரிமை பெற்றிருந்த ஏ.டி.அண்ட்.டி. நிறுவனம் இதனை ஏற்கவில்லை. விமானப்படை ஆர்வம் காட்டியபோதும், பணி தகுதியற்ற கைகளுக்குச் சென்றுவிடும் எனக் கருதிய பேரனே அதனைக் கைவிடுமாறு கூறினார். அவர் வரைந்த வலையமைப்பு கட்டப்படவே இல்லை.

ஆர்பா நிறுவனத்தின் கதை வேறு. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதன் எதிர்வினையாக 1958இல் அது நிறுவப்பட்டது. அதன் கணினி ஆய்வுப் பிரிவுக்கு 1962இல் பொறுப்பேற்ற ஜே.சி.ஆர். லிக்லைடர், வெவ்வேறு இடங்களிலுள்ள கணினிகள் ஒன்றோடொன்று உரையாட வேண்டும் என்னும் எண்ணத்தை மறுஆண்டே தம் ஆய்வாளர்களுக்குச் சுற்றறிக்கையாக அனுப்பினார். பின்னர் அப்பிரிவின் தலைவரான ராபர்ட் டெய்லரின் பென்டகன் அலுவலகத்தில் மூன்று முனையங்கள் இருந்தன: ஒன்று எம்.ஐ.டி.யுடனும், ஒன்று பெர்க்லியுடனும், மற்றொன்று சான்டா மோனிகாவுடனும் இணைந்தவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டளைமுறை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல நாற்காலியை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. அதேவேளையில், ஆர்பாவிடம் நிதி பெற்ற ஒவ்வோர் ஆய்வுமையமும் விலைமிகுந்த கணினியைத் தனக்கெனக் கேட்டுவந்தது. கணினிகளை இணைத்துப் பகிர்ந்து பயன்படுத்துவதே டெய்லர் கண்ட தீர்வு. 1966இல் இயக்குநர் சார்லஸ் ஹெர்ஸ்ஃபெல்டிடம் பத்து லட்சம் டாலர் ஒதுக்கீடு பெற்ற அவர், லாரன்ஸ் ராபர்ட்ஸைத் திட்டப்பணிக்கு அழைத்துவந்தார்.

இவ்விரு பணிகளும் எப்போது சந்தித்தன என்பதே இங்கு முதன்மையான வினா. 1967 அக்டோபரில் டென்னசி மாநிலத்தின் காட்லின்பர்க் நகரில் நடைபெற்ற கருத்தரங்கில் ராபர்ட்ஸ் தம் திட்டத்தை முன்வைத்தார். அங்கேயே இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரோஜர் ஸ்கான்டில்பரி, டொனால்ட் டேவிஸ் குழுவின் ஆய்வை எடுத்துரைத்தார். 'பாக்கெட்' என்னும் பெயரைத் தந்தவர் டேவிஸ். அவரது நோக்கம் போர் அன்று, கணினியுடன் நேரடியாக உரையாடும் பயனர்களுக்கு விரைவான தொடர்பு தருவது. பேரனின் அறிக்கைகள் ராபர்ட்ஸின் கவனத்திற்கு வந்ததும் இக்குழுவின் வழியாகவே. ஆக, வலையமைப்பைக் கட்டும் முடிவு எடுக்கப்பட்டு ஓராண்டுக்கும் மேலான பின்னரே பேரனின் சிந்தனை அங்கு வந்து சேர்ந்தது. அது கட்டுமுறைக்கு உதவியதேயன்றிக் கட்டுவதற்குக் காரணமாகவில்லை.

வலையமைப்பின் வடிவமும் இதற்குச் சான்று பகர்கிறது. 1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்திற்கு 'லாகின்' என்னும் சொல்லின் முதலிரு எழுத்துகள் சென்றதும் மறுமுனைக் கணினி செயலிழந்தது. ஆண்டிறுதியில் நான்கு கணுக்கள் இணைந்தன. அவற்றுள் யூட்டா ஒரேயொரு இணைப்பையே சார்ந்திருந்தது. அனைத்தும் ஏ.டி.அண்ட்.டி.யிடம் வாடகைக்குப் பெற்ற, வினாடிக்கு 50 கிலோபிட் வேகமுள்ள இணைப்புகள். எந்தத் தொலைபேசி அமைப்பு தாக்குதலைத் தாங்காது எனப் பேரன் காட்டினாரோ, அதன்மேலேயே ஆர்பாநெட் ஓடியது.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. 1970களின் முற்பாதியில் ஆர்பாவின் இயக்குநராயிருந்த ஸ்டீபன் லூகாசிக், இராணுவக் கட்டளை, கட்டுப்பாட்டுத் தேவைகளை மனத்திற்கொண்டே நிதி அளித்ததாகப் பிற்காலத்தில் எழுதியுள்ளார். இதனைப் புறக்கணிக்க இயலாது. ஆனால் பணம் தொடர்ந்து வந்ததற்கான காரணமும், திட்டம் தொடங்கப்பட்டதற்கான காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. லூகாசிக் கூறுவது முன்னதற்குப் பொருந்தும். டெய்லரின் மூன்று முனையங்கள் பின்னதற்கு. 1975இல் வலையமைப்பின் நிர்வாகம் பாதுகாப்புத் தகவல்தொடர்பு முகமைக்கு மாறியது. 1983இல் இராணுவக் கணுக்கள் மில்நெட் எனத் தனியே பிரிக்கப்பட்டபோது, ஆர்பாநெட் என்னும் பெயர் ஆய்வாளர்களின் பகுதிக்கே எஞ்சியது.