வாயைத் திறக்க வைக்கும் ஆப் எது?

மொழி கற்க எந்த ஆப் நல்லதுன்னு கேட்கிறவங்க, முதலில் அவற்றின் பூர்வீகத்தைப் பார்க்கணும். இரண்டு வம்சங்கள் உண்டு.

ஒன்று, ஞாபக வம்சம். ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று தன்னையே சோதித்து 1885-ல் வெளியிட்டார். 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் விளக்கிய அட்டைப்பெட்டி முறையில், தெரிந்த சொல் அடுத்த அறைக்குப் போகும். தெரியாதது முதல் அறைக்கே திரும்பும். இன்றைய ஃபிளாஷ்கார்டு ஆப்கள் இதன் வாரிசுகள்.

இன்னொன்று, வாய் வம்சம். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவம், வீரர்களைச் சிறு குழுக்களாகத் தாய்மொழிக்காரர் முன் உட்காரவைத்துத் திரும்பத் திரும்பப் பேசவைத்தது.

இரண்டையும் இணைத்தவர்களில் முக்கியமானவர் பால் பிம்ஸ்லர். 1967-ல் அவர் முன்வைத்த நினைவூட்டல் இடைவெளிகள் 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம், 10 நிமிடம் என்று விரிந்து 2 வருடம் வரை போகும். அவர் முறையில் அமைந்த ஒலிப்பாடங்களில் கேள்வி வரும், பிறகு மௌனம். அதற்குள் நாம் பதிலைச் சொல்லணும். அப்புறம்தான் விடை ஒலிக்கும்.

அந்த மௌனம்தான் உரைகல். நாலு விடையில் ஒன்றைத் தொடுவது அடையாளம் காணும் பயிற்சி; பேச்சுக்குச் சொல்லை நாமே தேடி எடுக்கணும். ஆகவே இலவசப் பாடம் ஒன்றைப் போட்டு, விடை வருமுன் எத்தனை தடவை வாயைத் திறந்தீங்கன்னு எண்ணுங்க. பூஜ்யம்னா, அது சொல் சேர்க்க உதவும், பேச்சுக்குப் போதாது.

ஆனாலும் பதிவுசெய்த குரல் குறுக்கே கேள்வி கேட்காது. அதற்கு ஒரு மனுஷர் வேணும்.