பரவனாறும் கடலூர் மீன்களும்

நெய்வேலி கடற்கரையில் இல்லை. ஆயினும் அங்குள்ள சுரங்க நீர் பரவனாறு வழியாகக் கடலூர் கழிமுகத்தை அடைகிறது. எனவே கடலூர் மீன்களில் கன உலோகம் பற்றிய ஆய்வு நெய்வேலியையும் உள்ளடக்க வேண்டியதாகிறது.

சுரங்கமும் நீர்வழியும்

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் உருவானது. 1957 மே 20 அன்று ஜவஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். சோவியத் உதவியுடன் கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கியது.

நிலக்கரிப் படிவத்தின் கீழ் அழுத்தம் மிக்க ஊற்றுநீர் உள்ளது. அதை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். இறைத்த நீர் பரவனாறு வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சென்று பாசனத்துக்குப் பயன்பட்டது. அதனுடன் வந்த சேறு படிந்து வாலாஜா ஏரி தூர்ந்தது. பின்னர் நிறுவனத்தின் செலவில் தூர்வாரப்பட்டது. பெருமாள் ஏரியைத் தாண்டிய நீர் கடலூர் முதுநகர் அருகே உப்பனாற்றுடன் சேர்கிறது. உப்பனாற்றின் கரையில் 1980களிலிருந்து சிப்காட் வேதித் தொழிற்சாலைகள் இயங்குகின்றன.

மீனுக்குள் உலோகம்

நிலக்கரியில் பாதரசம், ஆர்சனிக், ஈயம் போன்றவை மிகச் சிறிய அளவில் உள்ளன. எரிக்கும்போது பாதரசத்தின் பெரும்பகுதி ஆவியாகிப் புகையுடன் வெளியேறும். மற்றவை பெரும்பாலும் சாம்பலில் தங்கும். நீரடிச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது மீனின் தசைப் புரதத்துடன் பிணைவதால் கழுவினாலும் சமைத்தாலும் நீங்காது. சிறுமீனைப் பெருமீன் தின்னத் தின்ன அதன் அளவு கூடும். காட்மியம் பெரும்பாலும் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும். சேற்றை மேயும் மடவை போன்ற மீன்கள் படிவிலுள்ள உலோகங்களை நேரடியாக உட்கொள்கின்றன.

இந்த ஆபத்தை உலகுக்கு உணர்த்திய ஜப்பானின் மினமாட்டா நோய் கண்டறியப்பட்டதும் 1956-இல்தான்.

விதிகளும் ஆய்வுகளும்

இந்தியாவில் அனல்மின் நிலையங்களின் பாதரச உமிழ்வுக்கு வரம்பு 2015 டிசம்பரில் வந்தது. மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்புறுதி செய்தது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. 2023-இல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் வெளியிட்ட அறிக்கை, வடக்கு வெள்ளூர் ஆழ்துளைக் கிணற்று நீரில் பாதரசம் வரம்பைவிடப் பல மடங்கு இருந்ததாகக் கூறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதைத் தாமாகவே விசாரணைக்கு எடுத்தது.

மூலத்தை அறிதல்

மீனின் தசையில் உள்ள பாதரசத்தின் அளவு மட்டும், அது சுரங்கத்திலிருந்து வந்ததா, சாம்பலிலிருந்தா, சிப்காட்டிலிருந்தா என்று காட்டாது. வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி, உப்பனாறு, கடல் ஆகிய நான்கிலும் நீர், சேறு, மீன் மூன்றையும் ஒரே பருவத்தில் அளந்தால்தான் உலோகம் எந்த இடத்தில் கூடுகிறது என்பது புலப்படும். மூலம் தெரியாதவரை பொறுப்பு எவர்மீதும் நிற்காது. பாதரசம் என்ற பேச்சு எழுந்தாலே மீன் விலைபோகாமல் நட்டப்படுபவர்கள், அக்கழிமுகத்தில் சிறு படகுகளில் வலை வீசும் மீனவர்களே.