எட்டு நாட் பிரசங்கம்

கிறிஸ்தவன் விதிகளுக்குக் கட்டுப்பட்டவனா, அன்றி விடுதலை பெற்றவனா? இவ்வினா கொரிந்து சபையிலேயே எழுந்தது. விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியை உண்பதிற் குற்றமில்லை. ஆயினும் எளிய சகோதரன் அதனால் இடறுவானாயின் உண்ணாதிருத்தலே நன்று எனப் பவுல் அப்போஸ்தலர் விடை பகர்ந்தார். அவ்விடையை ஒரு நகரம் நடைமுறையிற் சோதித்தறிய நேர்ந்தது 1522 ஆம் ஆண்டிலாகும்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1520 இல், மார்ட்டின் லூதர் கிறிஸ்தவனின் சுயாதீனத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். விசுவாசம் மனிதனை விடுவிக்கிறது. அன்பு அவனைப் பிறர்க்கு ஊழியனாக்குகிறது என்பது அதன் சாரம். 1521 இல் வோர்ம்ஸ் பேரவைக்குப் பின் அவர் வார்ட்பேர்க் கோட்டையில் மறைந்து வாழ்ந்தார். அவர் இல்லாத வேளையில் விற்றன்பேர்க் நகரத்தார் விரைந்தனர். அவ்வாண்டு நத்தார்ப் பெருநாளன்று பேராசிரியர் கார்ல்ஸ்டாட் குருவுடை தரியாமல் திருவிருந்தை நடத்தி, அப்பத்தோடு பாத்திரத்தையும் மக்களுக்கு அளித்தார். அடுத்த மாதம் கோயிற் சுரூபங்களை அகற்றுமாறு நகரசபை விதி செய்தது.

1522 மார்ச் 6 ஆம் நாள் லூதர் நகருக்குத் திரும்பினார். 9 ஆம் நாள் முதல் எட்டு நாளும் நாள்தோறும் பிரசங்கித்தார். செய்த மாற்றங்களுட் பல சரியானவையே என்று ஒப்புக்கொண்டார். ஆனால், அப்பத்தைக் கையால் தொடுவதே பாவமென்று கற்று வளர்ந்தவனை ஒரே நாளிற் கட்டாயப்படுத்துவது விடுதலையாகுமா? அது பழைய நுகத்தை நீக்கிப் புதிய நுகத்தைப் பூட்டுவதன்றோ? வசனம் முதலில் உள்ளத்தை மாற்றட்டும். வழக்கம் பின்னர் மாறும் என்றார். அதேவேளை, உணவு விதியை இரட்சிப்புக்கு இன்றியமையாததென்று ஒருவன் வற்புறுத்துவானாயின், அவன் முன் அவ்விதியை மீறுவதே தகும் என்றும் போதித்தார்.

அதே தவக்காலத்தில் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலும் இவ்வினா எழுந்தது. பவுலின் நிருபங்களை அச்சிடும் கடும் வேலையில் ஈடுபட்டிருந்த புறோஷௌவரின் வீட்டிற் சிலர் நோன்பை மீறி இறைச்சி உண்டனர். உடனிருந்த போதகர் சுவிங்கிலி தாம் உண்ணவில்லை. ஆயினும் உண்டவர்களுக்காகப் பின்னர் பிரசங்க பீடத்தில் வாதாடினார்.

விற்றன்பேர்க்கிற் காலம் கனிந்தது. லூதர் தமது துறவியுடையை 1524 ஒக்டோபர் வரை களையவில்லை. 1526 இல் ஜெர்மன் மொழியில் ஓர் ஆராதனை முறையை வகுத்தபோது, அதனை எவரும் கட்டாயச் சட்டமாக்க வேண்டாமென்று அதன் முன்னுரையிற் கேட்டுக்கொண்டார்.

நேயர்களே, ஒழுங்கில்லாத சபை சிதறிப்போகும். ஆகவே அவர் ஒழுங்கை வகுத்தார். ஒழுங்கே இரட்சகராகிவிட்டால் சபை அடிமையாகும். ஆகவே அவர் அதனைச் சட்டமாக்க மறுத்தார். எந்த விதியைக் கைக்கொள்ளுவது, எதனைத் தளர்த்துவது என்று தயங்கும் வேளையில், அயலில் இருக்கும் எளியவனுக்கு எது நன்மை செய்யும் என்று வினவுவதே விற்றன்பேர்க் நமக்குக் காட்டும் நெறியாகும்.